டிராகன்களுக்குக் கடிவாளம் உண்டா?

டிராகன், பேய், உலக அழிவு என்றாலே அது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். இத்தகைய தொடர்களை நெடுங்காலமாகப் பார்த்துவருபவன் என்ற வகையில் எனது எண்ணம் வேறு. அணுவாயுதம் என்ற மிக உண்மையான பூதத்தைப் பற்றியே இவற்றில் பல பேசுகின்றன.

1954 மார்ச் 1 அன்று பசுபிக் சமுத்திரத்தின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைப் பரிசோதித்தது. அதன் வலு 15 மெகாதொன். ஹிரோஷிமாவில் போடப்பட்டதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட ஆபத்து வலயத்துக்கு வெளியே நின்ற ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களில் ஒருவர் அந்த ஆண்டு செப்டெம்பரில் இறந்துபோனார். அந்தப் படகின் பெயரே 'அதிர்ஷ்ட டிராகன்' என்பதுதான் கொடுமை.

எட்டு மாதங்களின் பின், நவம்பர் 3 அன்று, இஷிரோ ஹொண்டா இயக்கிய 'கொட்ஸில்லா' திரைக்கு வந்தது. ஹைட்ரஜன் குண்டு கிளப்பிவிட்ட கடல் மிருகம் டோக்கியோவை எரிக்கிறது. அதைக் கொல்லக்கூடிய ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவா, தன் குறிப்புகளை எரித்துவிட்டு மிருகத்தோடு தானும் கடலடியில் இறக்கிறார். தான் உயிரோடிருந்தால் அந்த ஆயுதத்தைத் தரும்படி யாராவது கட்டாயப்படுத்துவார்கள் என்பதே அவரது அச்சம். அணுவாயுதங்களைச் செய்த உண்மையான விஞ்ஞானிகளுக்கு அந்தப் படம் வைத்த கேள்வியாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரில் கேள்வி மாறுகிறது. ஆயுதம் நல்லவர் கையில் இருந்தால் போதுமா? அடிமைகளை விடுவித்த டெனேரிஸிடம் மூன்று டிராகன்கள் இருந்தன. ஒன்று எதிரியின் ஈட்டிக்குப் பலியாகி, அவனாலேயே உயிர்ப்பிக்கப்பட்டு, அவள் பக்கத்தைக் காத்துநின்ற பெருமதிலை உடைக்கிறது. நம்மைக் காக்கும் ஆயுதம் நாளை எதிரியிடமும் போகலாம். கடைசியில் தலைநகர் மணியடித்துச் சரணடைந்த பிறகும் அவள் அதை எரிக்கிறாள். வெந்து மடிந்தவர்கள் அரியணைக்குப் போட்டியிட்டவர்கள் அல்லர். தெருவில் ஓடிய சாதாரண சனங்கள்.

2022இல் தொடங்கிய 'ஹவுஸ் ஒஃப் த ட்ராகன்' தொடரில் இரு தரப்பிடமும் டிராகன்கள் உண்டு. இரு பக்கமும் பலம் இருந்தால் போர் வராது என்போருக்கு முதற்பருவத்தின் முடிவு பதில் சொல்கிறது. ஏமண்ட் தன் மருமகன் முறையான சிறுவனை மிரட்டத்தான் துரத்துகிறான். சிறுவனின் டிராகன் சொற்கேளாமல் நெருப்பைக் கக்க, ஏமண்டின் டிராகனும் கட்டுமீறிச் சிறுவனைக் கொன்றுவிடுகிறது. யாரும் கட்டளையிடாமலே போர் மூள்கிறது.

பேய்களுக்கு வருவோம். டெரி பிராட்செட்டும் நீல் கைமனும் 1990இல் எழுதிய 'குட் ஓமன்ஸ்' நாவல் 2019இல் தொடராக வந்தது. அதில் சொர்க்கம், நரகம் இரண்டின் தலைமைகளுமே இறுதிப்போரை விரும்புகின்றன. அதைத் தடுக்க அலைபவர்கள் ஒரு தேவதூதனும் ஒரு பேயும். பூமியில் நெடுங்காலம் வாழ்ந்து மனிதரோடு பழகியதால் அவர்களுக்கு இந்த உலகம் பிடித்துப்போயிற்று. அழிவைத் தொடக்கிவைக்கப் பிறந்த 11 வயதுச் சிறுவனும் அதற்கு மறுத்துவிடுகிறான்.

ஆயுதத்தைச் செய்பவர், வைத்திருப்பவர், கட்டளையிடுபவர் என ஒவ்வொருவரும் மறுக்கக்கூடிய ஒரு கணம் உண்டு என்பதையே இக்கதைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இன்று 9 நாடுகளிடம் சுமார் 12,000 அணுவாயுதங்கள் இருக்கின்றன. கதையில் வரும் டிராகனுக்காவது பசியும் களைப்பும் உண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை.