எந்த வருஷம் பொறந்தீங்க?

ஜூன் பிறந்துவிட்டால் வால்பாறையில் வெயிலைப் பார்ப்பது அபூர்வம். சின்னக்கல்லாறு பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரி பெஞ்சில் பாட்டி, மருமகள், பேரன் என ஒரே லைன் வீட்டு ஆட்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான்: "வைரல் ஃபீவருங்க, மூணு நாள்ல போயிரும்." கொழுந்து பறிக்கிற மருமகளுக்கு மூணு நாள் என்றால் மூணு நாள் சம்பளம்.

மூவரையும் பிடித்தது ஒரே கிருமிதானா? பெரும்பாலும் ஆமாம். ஒரே வீட்டுக்குள் சுற்றும் ஃப்ளூ, ஆளுக்கொரு வேஷம் கட்டுவதில்லை. ஆனால் எந்த ரகம் எந்த வயதுக்காரரை அதிகம் தேடிப் போகிறது என்பதில் கணக்கு உண்டு. ஃப்ளூ வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. அந்தப் பிழைகளே அதற்குப் புதுச் சட்டை. எச்3என்2 சீக்கிரம் சட்டை மாற்றுவதால், பலமுறை ஃப்ளூ கண்ட பெரியவர்களையும் ஏய்த்துவிடுகிறது. எச்1என்1, பி வகைகள் கொஞ்சம் நிதானம். அவற்றிடம் அதிகம் மாட்டுவது குழந்தைகள்.

இதைவிடச் சுவாரசியமானது பிறந்த வருஷக் கணக்கு. சின்ன வயதில் முதன்முதலாகப் பிடித்த ஃப்ளூவை உடம்பு லேசில் மறப்பதில்லை. 1957-க்கு முன் பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் எச்1என்1. அந்த வருஷம் மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் வந்த கப்பலோடு 'ஆசிய ஃப்ளூ' எச்2என்2 இறங்கியது. மறு வருஷம் பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். அதைத் துரத்தித் துரத்தி ஆராய்ந்தது நமக்கு அடுத்த மலைதான்: குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த இன்ஃப்ளூயன்ஸா மையம். 1968-ல் எச்3என்2 வந்தது. 1977-ல் பழைய எச்1என்1 கிட்டத்தட்ட அச்சு மாறாமல் திரும்பி வந்தபோது, அதை முன்பே பார்த்திருந்த பெரியவர்கள் தப்ப, இளவட்டங்கள் சுருண்டார்கள். 2009 பன்றிக் காய்ச்சலிலும் அப்படியே. வயசாளிகளைவிட இளையவர்களைத்தான் அது அதிகம் பிடித்தது.

2013-14 குளிர்காலத்தில் அமெரிக்காவில் எச்1என்1 நடுத்தர வயதினரைக் கடுமையாகப் போட்டுத் தாக்கியது. காரணம் தேடியவர்கள், வைரஸின் மேலுறைப் புரதத்தில் 166-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததைக் கண்டார்கள். 1965-க்கும் 1979-க்கும் இடையில் பிறந்த பலரின் எதிர்ப்புச் சக்தி, 1977 வைரஸைப் பார்த்த பழக்கத்தில், சரியாக அந்த இடத்தையே குறிவைத்திருந்தது. ஒரு தலைமுறையின் பூட்டுக்கென்றே சாவி செய்த மாதிரி!

சர்க்கரை, ஆஸ்துமா, ஆஸ்பத்திரிக்கு வர ஆகும் தாமதம், இவைதான் பிறந்த வருஷத்தைவிட முக்கியம் என்கிற டாக்டர்களும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. எந்த வயதில் எந்த ரகம் என்று தெரிய, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சாம்பிள் வேண்டும். அதை ஐஸ் பெட்டியில், 2 முதல் 8 டிகிரி குளிரில், கெடாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பொள்ளாச்சி, அப்புறம் கோவை. மூச்சுத் திணறிப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு டெஸ்ட் எடுப்பார்கள். எஸ்டேட் பெஞ்சில் மாத்திரை வாங்கிப் போகிறவருக்கு யார் எடுப்பது? வேலைக்காக அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கும் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அந்தப் பெஞ்சில்தான். படுக்கையில் விழுந்தவர்களை மட்டும் எண்ணி வயதுக் கணக்குப் போட்டால், அது நோயின் கணக்கல்ல, படுக்கையின் கணக்கு.

காலண்டரும் இடிக்கிறது. சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில். நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். மாநிலக் கணக்கில் வால்பாறை தமிழ்நாடு. மழைக் கணக்கில் கேரளா. ஃப்ளூ தடுப்பூசி தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும். போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது ஆகும்.

அதனால் மலை மேலே வீட்டில் வயசாளியோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ இருந்தால் ஐப்பசி வரை காத்திருக்காதீங்க. டாக்டரிடம் கேட்டு, சித்திரை முடிவதற்குள் ஊசியைப் போட்டுவிடுங்க. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மட்டும் இந்த ஊசி கிடையாது. அதற்குப் பதில் அம்மா போட்டுக்கொள்ள வேண்டும்.