உங்களுக்குத் தெரியுமா? விடிய விடியச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தெருக்கூத்துகளில், ராஜா வேடத்தைவிடக் கடினமானது கட்டியக்காரன் வேடம்தான். கூம்புக் குல்லாவோடு ஆடிப் பாடி முதலில் வருபவர் இவரே. திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனனையே, "நீர் யார், எந்த ஊர்?" என்று கேட்பார். ராஜா பாட்டாகப் பதில் சொல்ல, அதை ஊர்ப்பேச்சில் உடைத்துச் சொல்லிச் சிரிக்க வைப்பார். எழுதிவைத்த வசனம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் சமயோசிதம்.

ஒரே இரவில் சேவகன், தூதன் என்று மாறி மாறி நிற்பார். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைக்கு நடுவே பின்பாட்டும் பாடுவார். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் ‘கர்ண மோட்சம்’ கூத்து நடக்கும் இரவில், கர்ணன் விழும்போது ஊரே கண்கலங்கும். சற்றுமுன் வரை அதே சனத்தைச் சிரிக்க வைத்தவர் இவர்தான். இரண்டுக்கும் இடையே அவர் பிடிக்கும் அளவு, பெரிய நடிகர்களுக்கும் எளிதில் கைவராத கலை.