சந்தவாசல் சாலையில் பட்டும் நெல்லும்

வேலூரிலிருந்து போளூர் போகும் பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியதும் மேற்கே ஜவ்வாது மலை கிட்டத்தில் வந்துவிடும். அந்த மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிடப் போகிறவர்கள் இங்கே இறங்கி மேற்கே திரும்புவார்கள். பட்டு வேலையாகப் போகிறவர்களுக்குக் கிழக்கே ஆரணி. ஆடி வெள்ளிகளில் மஞ்சள் புடவைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் உரக்கடை, டீக்கடை, வாழைத்தார் ஏற்றும் வண்டி என்று ஊர் தன் வேலையைப் பார்க்கும். பழைய வட ஆற்காட்டுச் சமவெளியில் இப்படிப் பாதி ஊர், பாதி நகரமாக இருக்கும் இடங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. தமிழ்நாட்டின் பெரும் மாற்றங்கள் எல்லாம் இவற்றின் வழியாகத்தான் நடந்திருக்கின்றன.

இந்தப் பக்கத்துக்குப் பெரிய பழம்பெருமை உண்டு. 14ஆம் நூற்றாண்டில் படவேடு சம்புவராயர்களின் தலைநகர். விஜயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்தபோது முதலில் பணிய வைத்தது இவர்களைத்தான். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது புது மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். படவேட்டில் இன்று அரண்மனை இல்லை, வாழைத்தோப்பு இருக்கிறது. ஆரணியின் பழைய புகழ் பட்டு அல்ல, மஸ்லின். தென்னிந்தியாவின் மிக மெல்லிய பருத்தித் துணிகளில் ஒன்றாக ஆரணி மஸ்லினை வெள்ளைக்காரர்களின் பதிவுகள் சொல்கின்றன. இறக்குமதித் துணி வந்து அதைச் சாப்பிட்டது. பிறகு அந்தக் கைகள் பட்டுக்கு மாறின. ஒரு தொழில் போய் இன்னொன்று வருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நிலையைத் தெரிந்துகொள்ள நமக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆற்காட்டு நெல் கிராமங்களில் தங்கிக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பார்பரா ஹாரிஸ்-ஒயிட் அதோடு விடவில்லை. நாற்பது ஆண்டுகள் ஆரணிக்குத் திரும்பத் திரும்ப வந்து, அரிசி ஆலை, பட்டு, தங்க நகை வேலை, கடைத்தெரு என்று ஒவ்வொன்றும் எப்படி மாறியது என்று பார்த்தார். அந்த நீண்ட ஆய்வு 2016இல் நூலாக வந்தது. ஒரு சிறு நகரத்துக்கு இவ்வளவு பொறுமையான கவனம் கிடைப்பது அபூர்வம்.

அந்த முதல் கணக்கெடுப்பின்போது ஐ.ஆர்.8 நெல் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கு ஐ.ஆர்.எட்டு என்றே பெயர் வைத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த நெல் கொடுத்த நம்பிக்கை அப்படி. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் போய் ஆயில் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் வந்தன. 1990இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. நீர் கீழே போகப் போகக் கிணற்றைத் தோண்டிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள். ஏரி மதகைப் பற்றிய அக்கறை மெல்ல மெல்லக் குறைந்தது. கமண்டல நாகநதியில் பெரும்பாலான நாட்களில் மணல்தான் கண்ணில் படும். ஆரணி, களம்பூர் ஆலைகளின் அரிசிக்கு இன்னும் சென்னையில் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த ஆலைகளில் அவிகிற நெல்லில் வெளி மாவட்ட, வெளி மாநில நெல்லும் சேர்ந்திருக்கிறது.

பட்டின் கதை இன்னும் சிக்கலானது.

அன்று ஆரணியின் கொசப்பாளையத்திலும் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் விடிவதற்கு முன்பே தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் தெருவே ஒரு பட்டறை; சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பிறகு அச்சுப் பிணைப்பது. பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் திரித்துச் சேர்ப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. தார் சுற்றுவது பாட்டி வேலை. குழித்தறியில் உட்கார்ந்து நெய்வது ஆண் வேலை. வீட்டில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் எல்லோரும் அந்தச் சேலையில் இருந்தார்கள்.

குழந்தையும் இருந்தது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் முடியாது. தறியின் ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போட இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்திலிருந்து, பெற்றவர்களிடம் முன்பணம் கொடுத்து, பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கொண்டுவந்த நெசவாளரே முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியுடையவை. நெய்து கொடுத்தால் கூலி. பாக்கி தீராமல் வேறு இடம் போக முடியாது. வேறொரு முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டித்தான் நெசவாளரை எடுத்துக்கொள்ள முடியும். கடனில் கட்டுண்ட நெசவாளரும், பெற்றவர்கள் வாங்கிய கடனில் கட்டுண்ட யாரோ ஒருவருடைய பிள்ளையும் ஒரே தறியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை மறந்துவிட்டு, தறிச் சத்தம் கேட்காத தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், பக்கத்திலேயே வந்த பள்ளிக்கூடங்களும், குழந்தைத் தொழிலுக்கு எதிரான நடவடிக்கைகளும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டன. இந்தச் சாலையில் நடந்த நல்ல காரியங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

எழுந்துபோன பிள்ளைகள் திரும்பித் தறிக்கு வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தன. செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வந்தது. அங்கே பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் கம்பெனி பஸ் கிராமத்து நிறுத்தங்களுக்கே வருகிறது. அந்த வேலையும் கஷ்டம்தான். ஆனால் மாதச் சம்பளம் வங்கிக்கு வருகிறது, பி.எஃப். இருக்கிறது, முன்பணச் சங்கிலி இல்லை. தறிக்காரர் வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிற பேச்சு நெசவு ஊர்களில் சகஜமாகிவிட்டது. பெற்றவர்களே பிள்ளைகளிடம் இந்தத் தொழில் உனக்கு வேண்டாம் என்று சொல்லும்போது வெளியார் என்ன சொல்ல?

இன்னொரு பக்கம் விசைத்தறி. 1985ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது; பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. சேலை இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் விசைத்தறியில் பட்டுச்சேலை நெய்வதாகக் கைத்தறியாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் நடுத்தரக் குடும்பக் கல்யாணங்களில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. குறியீடு சேலையின் பெயரைக் காக்கிறது. நெய்தவரின் கூலி பற்றி அதில் ஒன்றுமில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் 2023 முதல் இலவசம். கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தறி வாங்க உதவி இருக்கிறது. ஆனாலும் 2020 ஊரடங்கில் கல்யாண மண்டபங்கள் மூடிக் கிடந்தபோது சேலை தேங்கியது; பாவு வராமல் தறி நின்றது. மாதச் சம்பளக்காரருக்கும் தறிக்காரருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மாதங்களில் எல்லா வீட்டுக்கும் புரிந்தது.

இன்று தறியில் இருப்பவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அச்சுப் பிணைக்க ஆள் கிடைப்பது கஷ்டம். கோர்வைக்கு ஓரத்தில் குழந்தை உட்கார்ந்த இடத்தில் இப்போது மனைவி உட்கார்ந்திருக்கிறார். காலையில் சமைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், இடையில் எழுந்து தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, மறுபடியும் உட்கார்கிறார். கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. இரண்டு பேர் உட்கார்ந்தாலும் அதே கூலிதான். அந்தப் பணத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்று முதலாளியின் நோட்டில் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு அந்த வேலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பெண்ணுக்குத் தனிக் கூலி வைக்கலாம். சங்கத்தில் தனி உறுப்பினராகச் சேர்க்கலாம். இளைஞர்கள் ஏன் தறிக்கு வரவில்லை என்று கேட்கிற கூட்டங்களில் முதலில் பேச வேண்டிய விஷயம் இது. பட்டுச்சேலையின் விலை ஏறியபோதெல்லாம் பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் ஏறிய விலையைக் கணக்குப் போட்டார்களே, இதையும் போடலாம்.