கடைசி நிறுத்தம் வரை
(ஐரோப்பாவில் படித்த காலம் – 9)

சென்ற வாரம் பிளாக்ட் அக்கவுண்ட் பற்றி எழுதியிருந்தேன். ஜெர்மனிக்குப் படிக்க வருபவர் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை விசாவுக்கு முன்பே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சனி, ஞாயிறு. “அவ்வளவு தூரம் போயும் பாரிஸ் பார்க்கலையா?” என்று ஊரிலிருந்து போனில் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டு, கடன் வாங்கித் தலைநகரம் தலைநகரமாக ஓடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வருஷம் தலைநகரங்களை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனில் நின்று போகிற சாதாரண ரயில் ஒன்றில் ஏறி, அதன் கடைசி நிறுத்தம் வரை போய்வாருங்கள்.

நான் இருந்தது ஆகன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒட்டிக்கிடக்கும் எல்லை நகரம். அங்கே வார இறுதியின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஞாயிறு. அன்று கடை கிடையாது. ஞாயிறு ஓய்வுக்கான நாள் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். இன்றைய ஜெர்மன் அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே அரிசி, பால், வெங்காயம் எல்லாம் சனிக்கிழமைக்குள் வீடு வந்தாக வேண்டும். காலி பிளாஸ்டிக் பாட்டில்களைப் பையில் கட்டி எடுத்துப்போய்க் கடை வாசல் இயந்திரத்தில் போட்டால், பாட்டிலுக்கு 25 சென்ட் என்று கணக்கிட்டுச் சீட்டு வரும். அந்தச் சீட்டே பில்லில் கழிந்துவிடும். கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் துருக்கிக்காரர் கடையில். 1961இல் ஜெர்மனியும் துருக்கியும் செய்த ஒப்பந்தத்தின்படி தொழிலாளிகளாக வந்த தலைமுறை அது. அவர்கள் திறந்து வைத்த காய்கறிக் கடைகள் இல்லையென்றால் நம் பிள்ளைகளின் ரசம் வாசமில்லாமல் போயிருக்கும்.

பால் வாங்க மறந்துபோனால்? பஸ் ஏறி நாடு மாறிவிடலாம். ஆகனை ஒட்டிய வால்ஸ் நெதர்லாந்தைச் சேர்ந்தது. அங்கே ஞாயிறன்றும் சூப்பர் மார்க்கெட் உண்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே மேலே நடந்தால் வால்ஸர்பெர்க் என்ற குன்று. உயரம் வெறும் 322 மீட்டர்; ஆனாலும் ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலப்பரப்பில் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. மூன்று நாடுகள் சந்திக்கும் கல் அங்கே இருக்கிறது. 1920 வரை சந்தித்தவை நான்கு. ஒரு துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று பிரஷ்யாவும் நெதர்லாந்தும் ஒத்துப்போக முடியாததால், 1816இல் நடுவே ஒரு சின்னத் துண்டை யாருக்கும் இல்லாத நிலமாக விட்டார்கள். நடுநிலை மோரெஸ்னெட் என்று பெயர். எல்லைக்கோடு என்பதை வேலியும் துப்பாக்கியுமாகவே அறிந்து வளர்ந்த எனக்கு, குழந்தைகள் அந்தக் கல்லைச் சுற்றி நாடு விட்டு நாடு ஓடி விளையாடுவதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. இப்போது போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் கையோடு வைத்திருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. பஸ்ஸை நிறுத்தி ஏறிப் பார்ப்பதும் உண்டு.

இனி ரயிலுக்கு வருகிறேன். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது ஜெர்மனி டிக்கெட். நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். விலை பிறகு ஏறிவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் இதை அறுபது சதவீத விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே கொடுக்கின்றன. ஐ.சி.இ. போன்ற விரைவு ரயிலில் செல்லாது. அதுவே நல்லதாயிற்று என்பேன். விரைவு ரயில் ஊர்களைத் தாண்டிப் போய்விடும், சாதாரண ரயில் நின்று நின்று போகும்.

ஆர்.இ. 1 என்ற வண்டி ஆகனில் புறப்பட்டு கொலோன், டுஸெல்டோர்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டோர்ட்முண்ட் வழியாக ஹம் நகரில் முடிகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஆகனுக்கும் கொலோனுக்கும் நடுவே, டூரன் தாண்டியதும் பாதைக்கு வடக்கே ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அதற்காக ஊர்களைக் காலி செய்தார்கள். 2014இல் நெடுஞ்சாலையையே தெற்கே நகர்த்தி ரயில் பாதையின் அருகில் போட்டார்கள். மிஞ்சியிருந்த காட்டைக் காப்பாற்ற இளைஞர்கள் மரத்தின் மேல் குடில் கட்டிக் குடியிருந்தார்கள். நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சுரங்கப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் இந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை அவர்.

கொலோனில் ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் பேராலயம் எழுந்து நிற்கும். 1248இல் தொடங்கி, நடுவில் சில நூற்றாண்டுகள் நின்றுபோய், 1880இல் முடிந்த கட்டடம். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். ஒரு முறை ஏறினால் போதும். பிறகு வரும்போதெல்லாம் உள்ளே போய்ச் சும்மா உட்காருங்கள்.

எஸ்ஸனில் இறங்கி டிராம் பிடித்தால் ட்சோல்ஃபெரைன். 1986இல் மூடிய நிலக்கரிச் சுரங்கம், 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஒரு வேலைத்தலத்தை, அங்கே உழைத்தவர்களின் நினைவை, அரண்மனைக்கு நிகராகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாரிஸில் நான் பார்த்த எதையும்விட இது என்னைப் பாதித்தது.

கடைசி நிறுத்தம் ஹம். அங்கிருந்து பஸ்ஸில் உவென்ட்ராப். தொழிற்சாலைகளுக்கு நடுவே திடீரென்று ராஜகோபுரம். 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள், ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாட்டை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோடைத் தொடக்கத்தில் தேர்த் திருவிழா. பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள்.

நான் முதலில் போனது தேர் இல்லாத ஒரு சாதாரண ஞாயிறு. பிரகாரத்தில் நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து ஓர் அம்மா, “தம்பி, எங்கயிருந்து வாறீங்கள்? படிக்கிற பிள்ளையே?” என்றார். ஆகன் என்றேன். “அவ்வளவு தூரத்திலயிருந்தோ! சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்.” சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. சாப்பிடும்போதே தன் கதையைச் சொன்னார். எண்பதுகளில் வந்து அகதி முகாமில் இருந்தது, உணவகச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவியது, மகள் இப்போது மருத்துவராக இருப்பது. விசாவும் சேர்க்கைக் கடிதமும் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்திறங்கும் நாம், எதுவும் கையில் இல்லாமல் வந்து இவ்வளவும் கட்டியெழுப்பிய இவர்களைப் போய்ப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது. பெற்றோர் பார்க்க வந்தாலும் முதலில் இங்கே கூட்டிவாருங்கள்.

கிளம்புமுன் ஒரு காரியம்: சனிக்கிழமை இரவே ரயில் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை வேலைகளைப் பெரும்பாலும் வார இறுதியில்தான் வைப்பார்கள். பாதி வழியில் இறக்கி மாற்று பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். திங்கள் காலை எட்டரைக்கு ஆய்வகம் இருந்தால் கடைசி வண்டியை நம்ப வேண்டாம்.

(அடுத்த வாரம்: மூன்று முறைக்கு மேல் எழுத முடியாத தேர்வு)