லூக் ஸ்கைவாக்கரின் வலக்கை

திரைப்பட நாயகனின் வாழ்வை ஒரு பயணமாகக் கொண்டு, அதன் கட்டங்களைப் பெயரிட்டு வரிசைப்படுத்தும் முறை இன்று திரைக்கதைப் பயிற்சியின் பாலபாடமாகிவிட்டது. இம்முறைக்கு மூலவரான அமெரிக்கத் தொன்மவியல் அறிஞர் ஜோசப் கேம்பல், 1949இல் வெளியிட்ட ‘ஆயிரம் முகங்கொண்ட நாயகன்’ என்னும் நூலில், உலகின் பழங்கதைகளில் வரும் வீரர்கள் பலரும் அடிப்படையில் ஒரே கதையைத்தான் நடத்திக் காட்டுகின்றனர் என்று வாதிட்டார். அவர் வகுத்த 17 கட்டங்களும், பழகிய உலகை விட்டுப் புறப்படுதல், அறியாத உலகில் சோதனைகளுக்கு ஆளாகி மாறுதல், பெற்றதைக் கொண்டு திரும்புதல் என்ற மூன்று பகுதிகளுக்குள் அடங்குகின்றன. இப்பகுப்பு, சடங்குகளை ஆராய்ந்த ஆர்னல்ட் வான் கென்னப் 1909இலேயே கூறிய பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்ற முப்பகுப்பை ஒட்டியது. பின்னாளில் ஹாலிவுட்டின் கதை ஆலோசகர் கிறிஸ்டோபர் வோக்லர் கேம்பலின் வரிசையை 12 கட்டங்களாகச் சுருக்கியபோது, தொன்ம ஆய்வு தொழிற்கையேடாக மாறியது.

இக்கட்டமைப்புக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் முன்வைக்கப்படுவது, ஜார்ஜ் லூக்காஸ் இயக்கி 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் அதன் நாயகன் லூக் ஸ்கைவாக்கரும்தான். கேம்பலின் நூலால் தாம் பயனடைந்ததை லூக்காஸே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஆயினும் அட்டவணையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அவர் பாத்திரத்தை வார்த்துவிடவில்லை என்பதற்கு அவருடைய வரைவுகளே சான்றாகின்றன. 1974ஆம் ஆண்டு வரைவில் லூக் ஸ்கைவாக்கர் என்பது வயது முதிர்ந்த ஒரு படைத்தலைவரின் பெயர்; இளைஞனாக வந்தவன் வேறொருவன். அடுத்தடுத்த வரைவுகளில் அப்பெயர் பாலைவனத்துப் பண்ணைப் பையனுக்கு மாறியது. இடையில் ஒரு கட்டத்தில் அப்பாத்திரத்தைப் பெண்ணாக்கும் எண்ணமும் இருந்தது. வழித்தடம் பொதுவானது, அதில் நடப்பவன் யார் என்பதை அட்டவணை தீர்மானித்துத் தருவதில்லை.

முதற்படத்தின் தொடக்கப் பகுதி பாடப்புத்தகத்தைப் போலவே நடக்கிறது. இயந்திர மனிதன் ஒன்றில் பதிந்துவைத்த உதவிக் குரலைக் கேட்பது ‘அழைப்பு’ எனப்படும் கட்டம். ஓபி-வான் கெனோபி என்னும் முதியவர் உடன்வருமாறு கூறும்போது, பண்ணை வேலையைக் காரணம் காட்டி லூக் பின்வாங்குவது ‘மறுப்பு’. நாயகனுக்கு இழப்பதற்கும் ஏதோ இருக்கிறது என்பதைப் பார்வையாளர் உணர்வதற்கே இக்கட்டம் பயன்படுகிறது. ஆனால் அடுத்த சில நிமிடங்களிலேயே அவனை வளர்த்த தம்பதியர் கொல்லப்படுவதால், போவதா இருப்பதா என்ற கேள்விக்கு அவன் தானாக விடை காண வேண்டிய தேவையே எழாமல் போகிறது. துயரத்துக்கும் படம் அதிக இடம் கொடுப்பதில்லை. கதை விரைந்து நகர இது உதவியது உண்மைதான். ஆயினும் பாத்திரப் படைப்பு என்ற அளவில் இது முதற்படத்தின் மெலிந்த இடம் என்றே கருத வேண்டும், ஏனெனில் தெரிவு செய்யாத நாயகனை நிகழ்ச்சிகளே இழுத்துச் செல்கின்றன.

திரைக்கதையாளர்கள் நாயகனின் விருப்பத்தையும் தேவையையும் வேறுபடுத்திப் பேசுவர்: விருப்பம் அவன் அறிந்து தேடுவது, தேவை அவன் அறியாமலே அவனிடம் குறைவாக உள்ளது. தந்தையைப் போன்ற வீரனாக வேண்டும் என்பது லூக்கின் விருப்பம்; தந்தையின் வழியே செல்லாதிருப்பது அவனுடைய தேவை. இம்முரண் வசனத்தில் அன்றி உடையிலும் உடலிலும் பதிவாகிறது என்பதே இப்பாத்திரத்தின் சிறப்பு. ராணுவச் சீருடைகளின் வரலாற்றில் வல்லவரான ஜான் மொல்லோ முதற்படத்துக்கு வடிவமைத்து ஆஸ்கர் விருது பெற்ற உடைகளுள், ஜூடோ வீரரின் மேலாடையை ஒத்த லூக்கின் வெளிர்நிற உடையும் ஒன்று. மூன்றாம் படத்திலோ அவன் தலைமுதல் கால்வரை கறுப்பில் வருகிறான்.

அதற்கும் மேலாக அவனுடைய வலக்கை இருக்கிறது. 1980இல் வந்த இரண்டாம் படத்தில், பயிற்சியை முடிக்காமல் நண்பர்களைக் காக்க விரையும் லூக்கின் வலக்கையை வெட்டி வீழ்த்திவிட்டு, தானே அவன் தந்தை என்று எதிரியான டார்த் வேடர் அறிவிக்கிறார். படம் முடியுமுன் மருத்துவ இயந்திரம் ஒன்று அவனுக்குச் செயற்கைக் கையைப் பொருத்தி, ஊசியால் குத்தி உணர்வைச் சோதிக்கிறது. 1983இல் வந்த மூன்றாம் படத்தில் அக்கை சுடப்பட, உள்ளிருக்கும் கம்பிகள் தெரியாதவாறு அவன் கறுப்புக் கையுறையை மாட்டிக்கொள்கிறான். இறுதிச் சண்டையில், தன் சகோதரியைக் குறித்த மிரட்டலால் வெகுண்டு, வேடரைச் சரமாரியாகத் தாக்கி அவருடைய கையை வெட்டுகிறான். அந்தக் கையும் இயந்திரமே, கம்பிகள் புகைகின்றன. வேடரின் தலைவரான பேரரசர் சிரித்துக்கொண்டே, தந்தையின் இடத்தை ஏற்குமாறு அழைக்கிறார். லூக் தன் கையுறைக் கையை உற்று நோக்குகிறான், பின்னர் ஒளிவாளைத் தூக்கி எறிகிறான். முதற்படத்தில் நிகழாத தெரிவு இங்கே நிகழ்கிறது. மிகச் சில சொற்களில் இவ்வளவும் புலப்படுவதற்கு, முந்தைய படத்திலிருந்தே அக்கை கதைக்குள் நடமாடி வந்திருப்பதே காரணம்.

ரியான் ஜான்சன் இயக்கி 2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ படத்தில், தனித் தீவொன்றில் ஒதுங்கி வாழும் முதிய லூக், தன்னைத் தேடி வந்தவள் நீட்டிய, இரண்டாம் படத்தில் கையோடு தான் இழந்த பழைய ஒளிவாளைத் தோளுக்குப் பின்னால் வீசுகிறான். மூன்றாம் படத்தில் வாளை எறிந்தது முடிவெடுத்தவனின் செயல், இது அழைப்பைத் தட்டிக்கழிக்கும் ஒருவனின் செயல். இதனால் ரசிகர்கள் பிளவுபட்டனர், லூக்காக நடித்த மார்க் ஹாமிலும் தமது கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகவே கூறினார். நாயகன் திரும்பிய பிறகு மீண்டும் தவற முடியாது என்று கேம்பலின் வரைபடத்தை வாய்பாடாகக் கொண்டோரே அதிகம் சினந்தனர் எனலாம். எனினும் அப்படத்தின் முடிவில், தன் உருவத்தை மட்டும் தொலைவிலிருந்து போர்க்களத்துக்கு அனுப்பும் லூக், எதிர்த்து நிற்கும் தன் சகோதரி மகனின் வாள்வீச்சுகளுக்கு விலகிக்கொடுக்கிறானே தவிர, ஒரு அடிகூடத் திருப்பி அடிப்பதில்லை.