கறை கொண்ட பல்லும் ஒட்டாத பசையும்

பற்களை முத்துக்கு ஒப்பிடுவது தமிழ் மரபு. ஆனால், இலங்கையின் வரண்ட வலயத்திலே, சிறப்பாக அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய பகுதிகளிலே, வெண்புள்ளியும் கபிலநிறக் கறையும் கொண்ட பற்களோடு வளரும் பிள்ளைகள் பலர். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வது அவர்களுக்கு வழக்கமாகிவிடுகின்றது. பல் துலக்காத பிள்ளை என்ற பழிச்சொல்லும் வந்து சேர்கின்றது. அப்பழி பொருந்தாது. அக்கறை வெளியிலிருந்து படிந்ததன்று. பல் உருவாகும் இளம்பருவத்திலேயே உண்டானது.

கிணற்று நீரில் கரைந்துள்ள புளோரைட்டே இதற்குக் காரணம். அளவோடு இருப்பின் அது பல்லைச் சூத்தையினின்று காக்கும். மிகுந்தால் பல்லின் வெளிக்கவசமாகிய எனாமலைக் கெடுக்கும். குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

கறையை மறைக்கப் பல் வைத்தியர் பல்லின் நிறத்தை ஒத்த பூச்சொன்றைப் பசையால் ஒட்டுவதுண்டு. இம்முறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர். உலோகத்தில் வர்ணம் நன்கு பற்றும்பொருட்டுத் தொழிற்சாலைகளில் பொசுபோரிக்கமிலம் பூசுவதைக் கண்ட அவர், அதனையே எனாமலிலும் பயன்படுத்தி, 1955ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். வழவழப்பான சுவரை மேசன் கொத்திவிட்டுச் சாந்து பூசுவதில்லையா? அதுபோல, அமிலம் எனாமலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகின்றது. பசை அவற்றுள் இறங்கி இறுகி, வேர்போலப் பற்றிக்கொள்கின்றது.

புளோரைட்டு மிகுந்த பல்லிலோ இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. அதன் மேற்படை அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஆகவே போதிய நுண்குழிகள் உண்டாவதில்லை. அதன் கீழுள்ள படையோ கனிப்பொருள் குறைந்து, நுண்துளைகள் மலிந்து, வலுவிழந்திருக்கின்றது. மேலே பிடிப்பில்லை, கீழே உறுதியில்லை. பாதிப்பு இலேசானதாயின் பசை பெரும்பாலும் நன்றாகவே ஒட்டும். கடுமையானதாயின் ஒட்டிய பூச்சு விரைவில் கழன்றுவிடலாம். சிலவேளைகளில் எனாமலே துணுக்காகப் பெயர்ந்து பூச்சோடு வந்துவிடும்.

இதற்கு வைத்தியர் கையாளும் வழிகள் சில உள. இயல்பான பல்லுக்கு 15 முதல் 30 விநாடி வரை போதுமான அமிலத்தை, இத்தகைய பல்லில் அதனினும் நீண்ட நேரம் வைப்பர். இளகாத மேற்படையை முதலில் மெல்லத் தேய்த்து நீக்கிய பின் அமிலம் இடுவதும் உண்டு. ஆயினும் அளவு மீறினால், உள்ளிருக்கும் வலுவற்ற படை மேலும் சிதையும். மிகக் கடுமையாகப் பழுதுற்ற பல்லுக்குப் பூச்சை விட்டு, முழுப் பல்லையும் மூடும் உறையே ஏற்றதாகலாம். ஆதலின், பூச்சு கழன்றால் அது வைத்தியரின் கவனக்குறைவே என்று முடிவுசெய்வது நியாயமன்று.

ஒட்டுவதினும் வருமுன் காத்தலே சிறந்தது. நீரைக் கொதிக்கவைப்பதனால் புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அடுத்தடுத்த கிணறுகளிலும் அளவு வேறுபடுமாதலால், நீரைப் பரிசோதித்தறிதல் வேண்டும். புளோரைட்டு மிகுந்த ஊர்களில், தூய்மையாகச் சேகரித்த மழைநீர் குழந்தைகளுக்கு நல்ல துணையாகும். பால்பற்கள் விழுமுன்னரே நிலைப்பற்கள் முரசுக்குள் உருவாகிவிடுகின்றன. அவ்வாண்டுகளில் பிள்ளை பருகும் நீரே, பின்னாளில் அது கூச்சமின்றிச் சிரிக்குமா என்பதை முடிவுசெய்கின்றது.