ஆறரைப் புள்ளியின் கணக்கு

புள்ளி வித்தியாசப் பந்தயத்தில் ஓர் அணி ஜெயித்ததா தோற்றதா என்பதற்காகப் பணம் கைமாறுவதில்லை. எத்தனை புள்ளியில் ஜெயித்தது, எத்தனை புள்ளியில் தோற்றது என்பதே கணக்கு. ஆட்டம் தொடங்கும் முன்பே பந்தயம் பிடிக்கும் புக்கி ஓர் எண்ணை அறிவிப்பார். பலமான அணியின் இறுதிப் புள்ளியிலிருந்து அந்த எண்ணைக் கழித்துப் பார்த்துத்தான் யாருக்குப் பணம் என்று முடிவு செய்வார்கள். ஸ்பிரெட் என்று வழங்குவது இந்த எண்ணைத்தான்.

புள்ளிகள் நிறைய விழும் ஆட்டங்களுக்கே இம்முறை பொருந்தும். அமெரிக்காவில் கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் வேரூன்றியது. தமிழ்நாட்டு வாசகருக்குக் கபடியை வைத்துச் சொன்னால் எளிதில் பிடிபடும்.

பொங்கலையொட்டி மீஞ்சூர் அணியும் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களின் அணியும் மோதுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். மீஞ்சூர்தான் பலமான அணி என்பது ஊரறிந்த விஷயம். யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் வைத்தால் எல்லாரும் மீஞ்சூர் மேல்தான் கட்டுவார்கள். எதிர்ப்பக்கம் ஆள் இருக்காது, பந்தயமே நடக்காது. எனவே புக்கி ‘மீஞ்சூர் மைனஸ் ஆறரை, பழவேற்காடு பிளஸ் ஆறரை’ என்று அறிவிக்கிறார். மீஞ்சூர் மேல் கட்டியவருக்குப் பணம் கிடைக்க, அந்த அணி 7 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். பழவேற்காடு ஜெயித்தாலும், சமன் செய்தாலும், 6 புள்ளி வரையிலான வித்தியாசத்தில் தோற்றாலும் எதிர்ப்பக்கம் கட்டியவருக்குப் பணம்.

ஆட்டம் முடியும் கட்டத்தில் இது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மீஞ்சூர் 34, பழவேற்காடு 27. கடைசி ரெய்டு பழவேற்காட்டுக்கு. மீஞ்சூரின் ஏழு பேரும் களத்தில் நிற்கிறார்கள். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் கோடு செல்லும், இங்கே செல்லும். வெற்றி கையில் இருப்பதால் பிடிக்கப் பாய்ந்து தொடு புள்ளி கொடுக்க மீஞ்சூர்க்காரர்கள் விரும்பவில்லை, பின்வாங்கி நிற்கிறார்கள். பாடி வந்தவர் ஒரு காலைத் தூக்கி மறுகாலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புகிறார். 34-28. கோப்பை மீஞ்சூருக்குத்தான், தோற்றவர்களுக்கும் அந்த ஒரு புள்ளியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வித்தியாசம் 7-லிருந்து 6 ஆகிவிட்டது. மீஞ்சூர் மேல் கட்டிய அத்தனை பணமும் போயிற்று. களத்தில் இருப்பவர்களுக்கு எந்த மதிப்பும் இல்லாத ஒரு புள்ளி, வெளியே கூட்டத்தையே திருப்பிப் போடுகிறது.

கபடியில் அரைப் புள்ளி கிடையாது. பிறகு ஏன் ஆறரை? ஆட்டத்தில் வரவே முடியாத எண் என்பதால்தான். சரியாக 7 என்று அறிவித்து வித்தியாசமும் 7 ஆகவே முடிந்தால் இரு பக்கமும் ஜெயிக்கவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், புக்கிக்குக் கமிஷனும் இல்லை. அரைப் புள்ளி சேர்த்தால் யாராவது ஒருவர் தோற்றே ஆக வேண்டும்.

புக்கியின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதே இம்முறையின் மையம். வழக்கமான விகிதம், 110 கட்டினால் 100 லாபம். ஒருவர் மீஞ்சூர் மேல் 110 ரூபாயும் இன்னொருவர் பழவேற்காடு மேல் 110 ரூபாயும் கட்டினால் புக்கியிடம் 220 சேர்கிறது. ஜெயித்தவருக்கு அவர் கட்டிய 110-ஐயும் லாபம் 100-ஐயும் சேர்த்து 210 தருகிறார். மிச்சம் 10 ரூபாய், யார் ஜெயித்தாலும் அவருடையது. இதையே கட்டுபவர் பக்கமிருந்து பார்த்தால், நூறு ஆட்டங்களில் சரிபாதி சரியாகக் கணித்தவருக்கு 5,000 வரவு, 5,500 செலவு. நட்டமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52.38 முறை சரியாகச் சொல்ல வேண்டும். பாதியைவிட இது கொஞ்சம்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் இரு பக்கமும் ஏறக்குறையச் சமவாய்ப்பு இருக்கும்படி பார்த்துத்தான் அந்த எண்ணையே வைக்கிறார்கள். பாதியைத் தாண்டி அந்த ஏறக்குறைய இரண்டரை சதவீதத்தை ஆண்டுக்கணக்கில் தக்கவைப்பவர்கள் மிகமிக அரிது.

அந்த எண்ணை அணிகளின் பலம், சமீபத்திய ஆட்டங்கள், காயம்பட்ட வீரர்கள், சொந்த ஊரா வெளியூரா என்பவற்றைப் பார்த்து முதலில் வைக்கிறார்கள். பிறகு பணம் அதை நகர்த்தும். மீஞ்சூர் மேலேயே பணம் குவிந்தால் ஆறரை ஏழரையாகும், எட்டரையாகும். எதிர்ப்பக்கம் கட்ட ஆள் வரும்வரை ஏறும். எனவே ஸ்பிரெட்டை நிபுணரின் கணிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுபவர்களை இரண்டாகப் பிரிக்கும் விலையும் அதுவே. அந்த நகர்வில் புக்கிக்கும் ஆபத்து உண்டு. ஆறரையில் மீஞ்சூர் மேல் கட்டியவர், எண் எட்டரை ஆனதும் பழவேற்காடு மேலும் கட்டிவிட்டால், வித்தியாசம் 7 அல்லது 8 ஆக முடியும்போது இரண்டு பந்தயத்திலும் ஜெயிப்பார்.

இம்முறையைக் கண்டுபிடித்தவராக, 1940களில் சிகாகோவில் வாழ்ந்த சார்லஸ் மெக்நீல் என்ற முன்னாள் கணித ஆசிரியரைச் சொல்வது வழக்கம். சமமற்றவர்களைச் சமமாக்கிப் பந்தயம் நடத்தும் எண்ணமோ அதைவிட வெகு பழையது. இங்கிலாந்தில் ஆஸ்காட் மைதானத்தில் 1791-லேயே குதிரைகளின் திறமைக்கு ஏற்ப வெவ்வேறு எடையைச் சுமக்கவைத்து பெரிய ஓட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறார்கள். சென்னையில் அந்த மரபு கிண்டிக்கு வந்து சேர்ந்தது. 1896-ல் அமைந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் நடத்திய ஓட்டங்களில் பெரும்பகுதி ஹேண்டிகேப் ஓட்டங்களே.

ஹேண்டிகேப் ஓட்டத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் முந்தைய ஓட்டங்களைப் பார்த்து ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. இந்திய வழக்கில் ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ. 60 மதிப்பெண் குதிரையும் 40 மதிப்பெண் குதிரையும் ஒன்றாக ஓடினால், முன்னது பத்துக் கிலோ கூடுதலாகச் சுமக்கும். ஜாக்கியின் எடையும் சேணத்தின் எடையும் போதாதபோது சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். எடை குறைந்திருந்தால் ஜெயித்த குதிரையும் தகுதி இழக்கும்.

ஹேண்டிகேப் ஓட்டத்தில் சமன்செய்யும் சுமை குதிரையின் முதுகில் ஏறுகிறது. எடை கூடிய குதிரை உண்மையிலேயே மெதுவாக ஓடுகிறது, ஓட்டமே மாறுகிறது. ஸ்பிரெட்டில் எடை வீரர்கள் மேல் ஏறுவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு காகிதத்தில்தான் கழிக்கிறார்கள். ஆட்டத்தின் வெற்றியாளர் ஒருவர், பந்தயத்தின் வெற்றியாளர் இன்னொருவர் என்ற நிலை வருவது இதனால்தான்.

சமமின்மையைப் பந்தயமே இல்லாமல் தீர்க்கும் வழியும் உண்டு. அது பழவேற்காட்டிலேயே இருக்கிறது. ஏரியில் வலைக்கு ஏற்ற இடங்கள் எல்லாம் ஒரே அளவு விளைவதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களில் வழங்கிவரும் பாடு முறையில் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் மாறிமாறி வரும். நடுவில் கமிஷன் எடுக்க யாரும் இல்லை.

பெரும் கேடு ஒன்றும் ஸ்பிரெட்டோடு சேர்ந்தே வந்தது. ஆட்டத்தைத் தோற்கும்படி ஒரு வீரரை மசியவைப்பது கடினம். மானம், அணி, ஊர் எல்லாம் தடுக்கும். நீ ஜெயித்துக்கொள், கொஞ்சம் குறைவாக ஜெயி என்று கேட்பது எளிது. நியூயார்க் சிட்டி கல்லூரியின் கூடைப்பந்து அணி 1950-ல் நாட்டின் இரு பெரும் கல்லூரிப் பட்டங்களையும் ஒரே பருவத்தில் வென்றது. மறு ஆண்டின் தொடக்கத்தில் அந்த அணியின் வீரர்கள் சிலர் கைதானார்கள். வித்தியாசத்தை ஸ்பிரெட்டுக்குள் அடக்கப் பணம் வாங்கியது தெரியவந்தது. விசாரணை விரிந்தபோது ஏழு கல்லூரிகளின் 32 வீரர்களும், 1947 முதல் 1950 வரை நடந்த 86 ஆட்டங்களும் சிக்கின. பலர் இருபது வயதைத் தாண்டியும் தாண்டாத இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோரின் விளையாட்டு வாழ்க்கை அதோடு முடிந்தது. புள்ளிகளைச் செதுக்குதல் எனப்படும் இந்த மோசடி வெளியே தெரியாமல் போவது சுலபம். தவறிய பந்து தவறிய பந்தாகவே தெரியும், ஸ்கோர் பலகையில் அணி ஜெயித்திருக்கும்.

வித்தியாசம் விதிக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் பல பருவங்களுக்கு, 7 அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் பட்டியலில் ஒரு புள்ளி கிடைத்தது. 2017-ல் சேர்ந்த தமிழ் தலைவாஸ் போன்ற அணிக்கு, தோல்வி உறுதியான பிறகும் கடைசி ரெய்டில் போனஸ் எடுக்க நியாயமான காரணம் இருந்தது. முன்பு பார்த்த அதே போனஸ் கோடுதான். ஆனால் இங்கே அந்தப் புள்ளி அணிக்கே பயன்பட்டது.

இந்தியாவில் பந்தயப் பணம் அதிகம் புரள்வது கிரிக்கெட்டில். அங்கே ஆட்ட முடிவுக்கு ஸ்பிரெட் வைக்க முடியாது. முதலில் ஆடிய அணி ரன் வித்தியாசத்திலும் பிறகு ஆடிய அணி விக்கெட் வித்தியாசத்திலும் ஜெயிப்பதால் ஒரே அளவுகோல் இல்லை. அதனால் கள்ளச் சந்தையில் ‘செஷன்’ என்ற வடிவம் வளர்ந்தது. ஆறு ஓவரில் எத்தனை ரன் என்பதற்கு 52-53 என இரண்டு எண்களைப் புக்கி சொல்வார். கூடுதலாக வரும் என்பவருக்கு 53, வராது என்பவருக்கு 52. ஆட்டத்தைத் துண்டு துண்டாக விற்கும் முறை இது. துண்டு சிறியதாக ஆக, அதை விலைக்கு வாங்குவதும் எளிதாகிறது. 2013 ஐபிஎல்லில் ஓர் ஓவரில் குறிப்பிட்ட ரன்களைக் கொடுக்கப் பேசிக்கொண்டதாக வீரர்கள் கைதானார்கள். அணி நிர்வாகத்தோடு தொடர்புடையவர்கள் பந்தயம் கட்டிய விவகாரமும் கிளம்பி, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் ஆகிய இரு அணிகளையும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது.

சட்டம் இந்தப் பந்தயங்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தை நீக்கிய பிறகு, பல மாநிலங்களில் ஸ்பிரெட் பந்தயம் வெளிப்படையான வியாபாரமாகிவிட்டது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அன்று என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் லாகவம் ஆகியவற்றை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. கபடி, கிரிக்கெட் ஆட்டங்களின் மீது கட்டும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பார்க்காமல் தடை செய்தது.